ஆயிரத்து இருநூறு டாலரின் காதலி

பொறாமைக்காரர்களைக் கண்டால் லைல் பெர்க்ஸ்டாடுக்கு ஒரு தனிப் பாசம். தானும் அதே சாதி என்பதுதான் காரணம். பக்கத்து வீட்டுக்காரன் காருக்குப் புது டயர் மாட்டினால்கூட இவனுக்கு அன்று சாப்பாடு இறங்காது. இரண்டு மனைவிகளும் அவனை விட்டுப் போனது இந்தக் குணத்தால்தான் என்று டுலூத் நகரமே சொல்லும். அவனைக் கேட்டால், தன் அழகைப் பார்த்து வயிறெரிந்து போய்விட்டார்கள் என்பான்.

அதனால் அந்த மே மாதச் சனிக்கிழமை காலையில், ஆர்டிஸ் லாஹ்டியின் வீட்டுப் பின்வாசலில் மூன்று கறுப்புக் குப்பைப் பைகள் நிற்பதைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உள்ள இருக்கிறது புருஷன் துணி, பாஸ்."

"எப்படிச் சொல்றே?" என்றாள் ஹில்மா ராஸ்கு. காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக முப்பது வருஷம் அடுத்தவர் பொய்களைக் கிளறியவள். ஓய்வு பெற்ற பிறகு கை அரிப்பு தாங்காமல் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அந்த அலுவலகத்தின் ஒரே சிப்பந்தி லைல்.

"குப்பைக்கு யாராவது மூணு முடிச்சுப் போடுவாங்களா? இது குப்பையைக் கட்டின முடிச்சு இல்ல. கழுத்தை நினைச்சுக்கிட்டுக் கட்டின முடிச்சு."

ஹில்மா சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. லைல் அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

ஆர்டிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். முன்னால் பாதையையும் தலைக்கு மேல் கண்ணாடியில் நாற்பது பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துப் பழகிய கண்கள். அந்தக் கண்களுக்குத் தப்பி ஒரு புருஷன் ஏதாவது செய்துவிட முடியுமா என்று லைலுக்கே சந்தேகம் வந்தது. அவள் காபியை ஊற்றி, ஏலக்காய் ரொட்டியையும் வெண்ணெயையும் அவர்கள் பக்கம் தள்ளினாள்.

"சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. என் புருஷன் ஆயிரத்து இருநூறு டாலரை ஒருத்திக்குத் தூக்கிக் குடுத்திருக்கான். அவ யாருன்னு நீங்க கண்டுபிடிக்கணும். யாருன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்க கண்டுபிடிக்கணும்."

"தெரிஞ்சதைக் கண்டுபிடிக்க எங்ககிட்ட ரெண்டு மடங்கு ரேட்டு," என்றான் லைல், மூன்றாவது துண்டில் வெண்ணெயை அப்பிக்கொண்டே. மேசைக்கடியில் ஹில்மாவின் கால் அவன் முழங்காலில் நன்றாகவே பட்டது. வாயை மூடு என்கிறாள் போலிருக்கிறது என்று அவன் வாயை ரொட்டியால் மூடினான்.

ஆர்டிஸ் ஒரு கடிதத்தை எடுத்துப் போட்டாள். வருமான வரி அலுவலகத்துக் கடிதம்.

"போன வருஷம் கொரோனா வந்தப்ப அரசாங்கம் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு குடுத்துச்சுல்ல? எனக்கு நேரா பேங்க்குல விழுந்துச்சு. வெய்னோவுக்கு வரவே இல்லைன்னான். அவனுக்கு பேங்க்கையே பிடிக்காது, எல்லாம் தபால்லதான் வரணும். சரி, லேட்டா வரும்னு விட்டுட்டோம். வரலைன்னா வரிக் கணக்கு குடுக்கும்போது கேட்டு வாங்கிக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. கேட்டோம். ரீஃபண்ட் ரெண்டாயிரத்து அறுநூறு வரணும். வந்தது ஆயிரத்து நானூறு. மிச்சம் எங்கடான்னு பார்த்தா இந்தக் கடுதாசி. 'உங்கள் கணவருக்கு அந்தத் தொகை சென்ற ஆண்டே அனுப்பப்பட்டுவிட்டது'ங்கறான்."

"ஒரு கையில குடுத்து மறு கையில பிடுங்கிட்டாங்க," என்றான் லைல்.

"பிடுங்கல," என்றாள் ஹில்மா. "அந்தப் பணத்தால யாரோட ரீஃபண்டும் குறையாது. உங்க சம்பளத்துல பிடிச்ச வரியில திரும்பி வரவேண்டியது ஆயிரத்து நானூறு. அது ஒழுங்கா வந்திருச்சு. சர்ச் விருந்துல சாப்பாட்டுப் பொட்டலத்தை முன்னாடியே வாங்கிட்டுப் போனவங்க, மறுபடி வரிசையில நின்னா என்ன செய்வாங்க? தட்டைத் திருப்பி வாங்கிப்பாங்க. அதுதான் நடந்திருக்கு. பொட்டலம் ஏற்கெனவே போயாச்சுன்னு சொல்றாங்க."

"அதேதான் நானும் சொல்றேன்!" ஆர்டிஸ் மேசையில் ஓங்கி அடித்தாள். "போயாச்சு. வீட்டுக்கு வரல. அப்ப எங்க போச்சு? லவோனோட பாருக்குப் போச்சு. சனிக்கிழமை தவறாம அங்க கறிக் குலுக்கலுக்குப் போறான். டிக்கெட் வாங்கி பேக்கன் பன்னிக்கறி ஜெயிக்கிறான்னு ஊர்ல பத்துப் பேர் சொல்றாங்க. வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கிட்டு வர்றான். போன ஜூலையில அவ வாசல்ல புத்தம் புதுசா பனி தள்ளுற மெஷின். ஆரஞ்சு கலர். ஜூலையில பனி மெஷின் வாங்குறவ யோக்கியமா? நெருப்பில்லாம புகையுமா?"

லைலுக்குள் ஏதோ இனித்தது. இவ்வளவு சுத்தமான பொறாமையை அவன் பார்த்து வெகு நாளாயிற்று. பதினைந்து மாதக் கல்யாணம், இருவருக்குமே இரண்டாவது. இந்த வயதில் இப்படி எரிய எவ்வளவு விறகு வேண்டும் என்று வியந்தான்.

"லவோனுக்கு முன்னாடி வேற யார் மேலயாவது சந்தேகம் இருந்துச்சா?" என்று கேட்டாள் ஹில்மா.

"அவனோட முதல் பொண்டாட்டி பெவர்லி. ஒமாஹாவுல இருக்கா. அவ கதையை நான் எப்பவோ முடிச்சிட்டேன்."

"உயிரோட இருக்காங்கல்ல?" என்றான் லைல்.

"எப்படி முடிச்சீங்க?" என்றாள் ஹில்மா.

"அது என் வீட்டு விஷயம்." ஆர்டிஸின் உதடு இறுகியது. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "இதோ பாருங்க. இன்னிக்கு சனிக்கிழமை. சாயங்காலம் சவுனாவுக்குத் தீ மூட்டணும். அப்ப வெய்னோ உள்ள உக்காரணுமா, இல்ல அந்தப் பைகளோட ரோட்டுல நிக்கணுமான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

லாஹ்டி குடும்பம் போன்ற ஃபின்லாந்துக்காரர்கள் வீட்டில் இது சாதாரண மிரட்டல் இல்லை. வார நாளில் முகம் திருப்பிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தனித்தனி வரிசையில் உட்காரலாம். சனிக்கிழமை சவுனா என்கிற அந்த மரக் கொட்டகைக்குள், சுட்ட கற்களின் ஆவியில் சேர்ந்து உட்கார்ந்து வேர்க்காத புருஷன் பெண்டாட்டியை ஊர் கணக்கிலேயே சேர்க்காது.

*

வெய்னோ லாஹ்டி கொல்லையில் பிர்ச் மர விறகு பிளந்துகொண்டிருந்தார். கப்பல்களுக்கு இரும்புத் தாது ஏற்றும் துறையில் வேலை. அகலமான மனிதர். பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் வரி பிடிப்பார்கள் என்று பயந்தவர்போல் பேசினார்.

"பணம் வந்துச்சா?" என்றாள் ஹில்மா.

"வரல."

"லவோனுக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப ஜெயிச்ச பேக்கன் எல்லாம் எங்க போகுது?"

கோடாலி அந்தரத்தில் நின்றது. வெய்னோ சமையலறை ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒரு திரை அசைந்தது.

"அதைச் சொல்ல மாட்டேன்."

லைல் ஹில்மாவைப் பார்த்துக் கண்ணடித்தான். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று அர்த்தம். ஹில்மாவோ சவுனாவின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கூடை. அது நிறைய மளிகைக் கடைத் துண்டுப் பிரசுரங்கள், தள்ளுபடிச் சீட்டுகள், பிரிக்காத விளம்பர உறைகள்.

"தபால்ல வர்ற குப்பையெல்லாம் இங்கதான் எரியுதா?"

"ஆமா. நல்லாப் பத்தும்."

"அடுப்பு யார் பத்த வைப்பாங்க?"

"விறகு நான். நெருப்பு அவ." இதைச் சொல்லும்போது முதல் முறையாக வெய்னோவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. "கெட்டிக்காரி. ஒரே ஒரு தடவைதான் சொதப்பினா. போன ஜூன்ல. நானும் என் தம்பியும் உள்ள உக்காந்திருக்கோம். திடீர்னு ஒரு நாத்தம் பாருங்க, பிளாஸ்டிக் கருகின நாத்தம். மூச்சு முட்டுது. துண்டு எடுக்கக்கூட நேரமில்லாம வாசலுக்கு ஓடினோம். அந்த நேரம் பார்த்து பாதிரியார் கார்ல போறாரு."

"அய்யய்யோ. என்ன செஞ்சாரு?" என்றான் லைல்.

"கையை ஆட்டினாரு."

"நீங்க?"

"நாங்களும் ஆட்டினோம். ஆட்டாம இருந்தா மரியாதையா இருக்காதே."

லைல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஹில்மா மட்டும் கூடையிலிருந்து ஓர் உறையை எடுத்து, கட்டைவிரலால் தடவி, திரும்பப் போட்டாள்.

காரில் ஏறியதும் லைல் தன் முடிவை அறிவித்தான். "பேக்கனைச் சொல்ல மறுக்கிற ஆம்பளை பணத்தையும் மறைப்பான். கேஸ் முடிஞ்சுது பாஸ். இந்தத் தடவை உங்களுக்கு முன்னாடி நான்."

"முடிஞ்சா சரி," என்றாள் ஹில்மா. அவள் அப்படிச் சொன்னால் முடியவில்லை என்று பொருள். ஐந்து வருஷமாக ஒவ்வொரு வழக்கிலும் இவள்தான் முதலில் கண்டுபிடிக்கிறாள், அதுவும் அவன் கண்ணெதிரே கிடந்த சாமானை வைத்தே. அது லைலின் நெஞ்சில் பழைய முள்ளாக உட்கார்ந்திருந்தது.

*

லவோனின் பாரில் பாதி நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், முகக்கவசங்கள் தாடையில் தொங்கின. ஆனாலும் கறிக் குலுக்கல் நிற்கவில்லை. டிக்கெட் ஒரு டாலர். எண் வந்தால் பன்றித் தொடையோ கோழியோ பேக்கனோ ஒரு தட்டு. லைல் ஐந்து டிக்கெட் வாங்கினான். ஜன்னலோரம் ஒரு கிழவன் ஒரே டிக்கெட்டில் தொடைக் கறியைத் தட்டிக்கொண்டு போனான். அடுத்த சுற்றிலும் அவனே ஜெயித்தான். அந்தக் கிழவனை லைல் மனதார வெறுத்தான்.

லவோன் அறுபது வயதுக்காரி. உதட்டுச் சாயம் கவசத்தில் ஒட்டியிருந்தது. லைலை அவளுக்கு நன்றாகத் தெரியும், அவன் பாக்கியையும் தெரியும்.

"என்னடா லைல், வேலை விஷயமா வந்தியா, இல்ல சும்மா வயிறெரிய வந்தியா?"

"வேலை. அந்த ஆரஞ்சு கலர் பனி மெஷின் எங்கிருந்து வந்துச்சு?"

"கடையிலருந்துடா."

"ஜூலையிலயா?"

"ஜனவரியில வாங்குறவன் மடையன். ஜூலையில பாதி விலை." லவோன் கண்ணைச் சுருக்கினாள். "ஓ. ஆர்டிஸ் அனுப்பினாளா? வெய்னோ வாங்கிக் குடுத்தான்னு சொல்றாளா?"

"பேக்கன் மட்டும் இங்கயே நின்னுடுதே?"

லவோன் டிக்கெட் உருளையைப் பொத்தென்று கீழே வைத்தாள். லைல் எதிர்பார்த்தது குற்ற உணர்ச்சி. அவள் முகத்தில் வந்தது வேறு. அதை அவன் தினமும் கண்ணாடியில் பார்க்கிறான்.

"பேக்கன் ஏன் நிக்குதுன்னு சொல்றேன் கேளு. அவன் பொண்டாட்டிக்கு ரத்தத்துல கொழுப்பாம். டாக்டர் பேக்கனைத் தொடக் கூடாதுன்னுட்டாராம். வீட்டுக்குக் கொண்டு போனா வாசனைக்கே அவ மனசு தவிக்குமாம், பாவமாம். உனக்காகத்தான் விட்டேன்னு சொன்னா, தன்னால எல்லாரும் பட்டினின்னு அழுவாளாம். அதனால தானும் சாப்பிடுறதில்ல, இங்க வெச்சிட்டுப் போயிடுறான். 'நீ எடுத்துக்கோ லவோன்'ங்கறான். ஏண்டா, எனக்கு மட்டும் நெஞ்சுக்குள்ள என்ன இரும்பா இருக்கு? இருபது வருஷமா அந்த ஆளுக்கு பீர் ஊத்துறேன். என் ரத்தத்துல என்ன ஓடுதுன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேட்டிருப்பானா?"

லைலுக்குக் கேஸ் கையிலிருந்து நழுவுவது நன்றாகத் தெரிந்தது.

"அப்ப மெஷின் வாங்கப் பணம்?" என்று மெதுவாகக் கேட்டாள் ஹில்மா.

"எனக்கு வந்த அரசாங்கப் பணம்தான். அதையும் இழந்திருப்பேன். செக் வரும்னு பார்த்துக்கிட்டிருந்தா, ஒரு கார்டு வந்துச்சு. பேங்க் கார்டு மாதிரி. உறையில அரசாங்க முத்திரை கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஏதோ கடன் கம்பெனி விளம்பரம்னு குப்பையில போட்டுட்டேன். மருமக தேடி எடுத்தா."

"அந்த உறை எந்த ஊர்லருந்து வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

லவோன் வாயைத் திறந்த அதே நொடியில் ஒலிபெருக்கி ஓர் எண்ணை அலறியது. லைலின் எண். வாழ்நாளில் முதல் முறையாக அவன் எண். "எனக்குத்தான்! எனக்குத்தான்!" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினான். ஜன்னலோரக் கிழவன் முன்னால் தட்டை ஒரு தரம் தூக்கிக் காட்டிவிட்டு, இரண்டு ராத்தல் பேக்கனோடு திரும்பி வந்தபோது ஹில்மா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா?"

"ஊர்ப் பேரைச் சொன்னா."

"எந்த ஊரு?"

"நீதான் எனக்கு முன்னாடி கேஸை முடிச்சிட்டியே," என்றாள் ஹில்மா. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து பெயரவில்லை. வழி நெடுக லைல் மடியில் பேக்கனை வைத்துக்கொண்டு பொருமினான்.

*

அவர்கள் திரும்பியபோது ஏரியிலிருந்து குளிர் ஏறத் தொடங்கியிருந்தது. ஆர்டிஸ் சவுனா வாசலில், கையில் தீப்பெட்டியும் ஒரு பிடி விளம்பரக் காகிதமுமாக நின்றாள். அவளுக்குப் பின்னால், விறகு வெட்டும் முட்டுக்கட்டைக்குப் பக்கத்தில் வெய்னோ நின்றார். கறுப்புப் பைகள் இப்போது பின்வாசலிலிருந்து வேலியோரம் நகர்ந்திருந்தன.

"பத்த வைக்காதீங்க," என்றாள் ஹில்மா. "அஞ்சு நிமிஷம் பொறுங்க. வெய்னோ, உங்க போனை எடுங்க. அரசாங்கப் பணத்தை அனுப்பினவங்க நம்பர் இது, கூப்பிடுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வைங்க."

வெய்னோ கூப்பிட்டார். காத்திருங்கள், காத்திருங்கள் என்று ஒரு மட்டமான பியானோ இசை கொல்லை முழுக்க வழிந்தது. லைல் கால் மாற்றி நின்றான். கடைசியில், தெற்கத்திப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் இழுவையான குரல் வந்தது. பெயர், விலாசம், அடையாள எண் எல்லாம் கேட்டாள். வெய்னோ ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"உங்க அரசாங்க உதவிப் பணக் கார்டு போன ஜூன் மாசம் தபால்ல போயிருக்கு சார்."

ஆர்டிஸின் கண்கள் மின்னின. "கேட்டீங்களா? போயிருக்கு! எவ கையில போச்சுன்னு கேளுங்க!"

"அதுல எவ்வளவு எடுத்திருக்காங்க?" என்று கேட்டாள் ஹில்மா.

"எடுக்கலையே மேடம். இந்தக் கார்டை இதுவரைக்கும் யாருமே ஆக்டிவேட் பண்ணல. ஆயிரத்து இருநூறும் அப்படியே இருக்கு."

ஒரு கடற்காகம் கத்திக்கொண்டு போனது. ஆர்டிஸ் வெய்னோவைப் பார்த்தாள், ஹில்மாவைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். ஆயிரத்து இருநூறு டாலரை எந்தக் காதலியும் தொடவில்லை. பொறாமைக்கு அதைப் போல் ஏமாற்றம் வேறு கிடையாது.

"பொய்," என்றாள். "இந்த விலாசத்துக்கு வந்திருந்தா எனக்குத் தெரியாம போகாது. தபால் பெட்டியைத் திறக்கிறது நான் மட்டும்தான்."

"அதுதான் எனக்கும் தோணுச்சு," என்றாள் ஹில்மா. போன் பக்கம் குனிந்தாள். "ஒரே ஒரு கேள்வி. அந்தக் கார்டு எல்லாம் எந்த ஊர்லருந்து தபாலாச்சு?"

"ஒமாஹா, மேடம். நெப்ராஸ்கா."

தீப்பெட்டி புல்லில் விழுந்தது. ஆர்டிஸ் கையால் பின்னால் தடவி, முட்டுக்கட்டையைக் கண்டுபிடித்து, அதன்மேல் மெல்ல உட்கார்ந்தாள். கண்ணாடியில் நாற்பது பிள்ளைகளைப் பார்க்கிற கண்கள் இப்போது தன் செருப்பை மட்டும் பார்த்தன.

லைலுக்கு எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் இடித்தது. முடித்துவிட்ட பெவர்லியின் கதை. கருகிய பிளாஸ்டிக். கையை ஆட்டிய பாதிரியார். எல்லாவற்றையும் அவனும்தான் கேட்டான், அதுவும் சிரித்துக்கொண்டே. பாழாய்ப்போன பேக்கன் மட்டும் அந்த நேரத்தில் விழாமல் இருந்திருந்தால்!

"ஒமாஹான்னு முத்திரை இருந்துச்சு," என்றாள் ஆர்டிஸ். யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "உள்ள கெட்டியா ஒண்ணு. தடவிப் பார்த்தேன். போட்டோன்னு நினைச்சேன். அவ சிரிச்சுக்கிட்டு, சுருட்டை முடியை முன்னாடி விட்டுக்கிட்டு எடுத்த போட்டோ. பிரிக்கல. பிரிச்சா அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே. சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்து அடுப்புல போட்டேன். எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

"நெருப்பில்லாம புகையுமான்னு கேட்டீங்க," என்றாள் ஹில்மா. "நெருப்பு இருந்துச்சு. வெச்சது நீங்க. பணம் எங்கயும் போகல. கார்டு தொலைஞ்சிருச்சுன்னு சொன்னா வேற அனுப்புவாங்க. வரி ஆபீஸ்காரங்க சொன்னதும் சரி, வெய்னோ சொன்னதும் சரி. அவங்க அனுப்பினாங்க. இவருக்குக் கிடைக்கல."

"அப்ப பேக்கன்?" ஆர்டிஸ் விடவில்லை. மூழ்குகிறவள் ஒரு கடைசிக் கிளையைப் பிடித்தாள்.

வெய்னோ கழுத்துவரை சிவந்தார். ஹில்மா சொன்னாள், லவோன் சொன்னபடியே, ரத்தம், கொழுப்பு, வாசனை, எல்லாம். ஆர்டிஸ் அதைக் கேட்டு முடித்தாள். பிறகு கையிலிருந்த விளம்பரக் காகிதத்தில் மூக்கைச் சிந்தினாள்.

வெய்னோ போனைச் சட்டைப் பையில் வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.  

"ஒரு வருஷமா," என்றார், "பெவ் எனக்குக் காகிதம் போடுறான்னு நினைச்சுக்கிட்டா என் பக்கத்துல படுத்திருந்தே?"

"ஆமா."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு."

வெய்னோ வேலியோரம் நடந்தார். பைகளைப் பார்த்துக் குனிந்தார். இந்த மனிதர் அவற்றைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டால் தப்பே சொல்ல முடியாது என்று லைல் நினைத்தான். ஆர்டிஸும் அதையே நினைத்திருக்க வேண்டும், முட்டுக்கட்டையிலிருந்து பாதி எழுந்தாள். வெய்னோ முதல் பையின் மூன்று முடிச்சுகளையும் பொறுமையாக அவிழ்த்தார். உள்ளே கைவிட்டுத் துழாவி, ஒரு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து, புல்லில் கிடந்த தீப்பெட்டியை எடுத்தார்.

"இனிமே நெருப்பும் நான்தான்," என்றார்.

ஆர்டிஸ் அழுதுகொண்டே தலையாட்டினாள். அவர் குனிந்து சவுனாவுக்குள் போனார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது, மனம் லேசானவரின் குரல்.

"இதுல வேடிக்கை என்னன்னா, பெவ் ஒமாஹாவுலயே இல்ல. டூசானுக்குக் குடிபோய் மூணு வருஷமாச்சு."

ஆர்டிஸின் அழுகை சட்டென்று நின்றது. தலை மெல்ல நிமிர்ந்தது.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"வண்டிக்கு," என்று ஹில்மா லைலின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சீக்கிரம்."

*

மேட்டில் ஏறியதும் லைல் திரும்பிப் பார்த்தான். லாஹ்டி வீட்டுக் கொல்லையில் சவுனாப் புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக, நல்ல பிர்ச் விறகுப் புகை எழுந்துகொண்டிருந்தது. வாசலில் ஒருவரும் இல்லை. இரண்டு பேரும் உள்ளேதான். சண்டை போட்டுக்கொண்டு வேர்க்கிறார்களோ, வேர்த்துக்கொண்டு சண்டை போடுகிறார்களோ, அது அவர்கள் பாடு.

 ஹில்மா அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்ன? கேஸ் கை நழுவிப் போச்சுன்னு வருத்தமா?"

"அது பழகிப் போச்சு பாஸ்." மடியில் பேக்கன் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி வைத்தான். "அந்த ஆளைப் பார்த்தா எரியுது. எனக்கும் ரெண்டு பொண்டாட்டிங்க இருந்தாங்க. நான் அவங்களோட ஒவ்வொரு தபாலையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்திருக்கேன். என் பேருக்கு வந்த ஒரு துண்டுக் காகிதத்தை யாராவது, ஒரே ஒருத்தியாவது, எரிச்சிருப்பாளா?"

 சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அவள் கையை நீட்டி அவன் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிப் பின் சீட்டில் எறிந்தாள்.

"ஏய்! அது நான் ஜெயிச்சது!"

"போன மாசம் டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு?"

லைல் அவளைப் பார்த்தான். காலையில் மூன்றாவது துண்டில் வெண்ணெய் தடவியபோது முழங்காலில் விழுந்த உதை ஞாபகம் வந்தது. அவன் தடவிப் பார்த்தான். இன்னும் வலித்தது. விளக்கு பச்சையாயிற்று. வீடு வரும்வரை அவன் பேக்கனைத் திரும்பக் கேட்கவில்லை.